கதவை உடைத்தவர் யார்?

2020 மார்ச் 13, நள்ளிரவு கடந்த நேரம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரில் அடுக்குமாடி வீடு ஒன்றின் கதவை உடைத்துக்கொண்டு காவலர்கள் நுழைந்தனர். உள்ளே 26 வயது மருத்துவப் பணியாளர் பிரியோனா டெய்லரும் அவருடைய நண்பரும் இருந்தனர். கொள்ளையர் என்று கருதிய நண்பர், சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார்; ஒரு காவலரின் காலில் குண்டு பாய்ந்தது. காவலர்கள் 32 முறை சுட்டனர். டெய்லர் உயிரிழந்தார். வீட்டை உடைத்து யாரோ சுட்டுவிட்டதாக அவசர உதவிக்கு அழைத்தவரும் அந்த நண்பர்தான். காவலரைக் கொல்ல முயன்றதாக அவர்மீதே வழக்கு பதிவானது, பின்னர் கைவிடப்பட்டது.

வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, காஸில் ராக் வழக்கில், நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெற்ற பெண்கூட அதைக் காவல்துறை நிறைவேற்றியே தீர வேண்டும் என அரசமைப்பின்படி உரிமை கோர முடியாது என்றும் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் குடிமகன் துப்பாக்கி வாங்குவதில் வியப்பில்லை. ஆனால், நுழைபவர் காவலராக இருந்து, தம்மை அடையாளப்படுத்தியிருந்தால், கென்டக்கி சட்டம் வீட்டுக்காரருக்குத் தரும் சிறப்புப் பாதுகாப்பு விலகிவிடுகிறது. எல்லாமே கதவுக்கு வெளியே ஒலித்த குரலைப் பொறுத்தது. அறிவித்தோம் என்றனர் காவலர். கேட்கவில்லை என்றார் நண்பர். அந்த நொடிகளைக் காட்டும் உடல் கேமராப் பதிவு இல்லை.

சோதனை ஆணையே பொய்த் தகவலின் பேரில் பெறப்பட்டது என்பதைப் பெண் காவல் அதிகாரி ஒருவர் 2022-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆயினும் டெய்லரின் உடலில் பாய்ந்த குண்டுகளைச் சுட்டவர்கள்மீது குற்றச்சாட்டு இல்லை. தண்டனை பெற்றவர், யார்மீதும் படாத குண்டுகளைச் சுட்ட மற்றொருவர். அவருக்கு ஒருநாள் சிறை போதும் என்று 2025-இல் மத்திய நீதி அமைச்சகமே பரிந்துரைத்தது; நீதிபதி 33 மாதங்கள் விதித்தார்.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது இழப்பீட்டுக் கணக்கு. டெய்லரின் குடும்பத்துக்கு லூயிவில் நகரம் 1.2 கோடி டாலரும், நண்பருக்கு 20 லட்சம் டாலரும் தர ஒப்புக்கொண்டது. தவறிழைத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் வரி செலுத்துவோர், டெய்லரின் அண்டை வீட்டார் உட்பட. இது ஒரு நகரின் கதையன்று. 44 பெரிய காவல்துறைகளில் 2006 முதல் 2011 வரை வழங்கப்பட்ட இழப்பீட்டில் காவலர்கள் சொந்தமாகக் கொடுத்தது 0.02 சதவீதம் என்று சட்டப் பேராசிரியர் ஜோவன்னா ஷ்வார்ட்ஸ் 2014-இல் கண்டறிந்தார். தவறின் செலவு தவறியவரைத் தொடாத இடத்தில், அடுத்த கதவை உடைக்குமுன் முகவரியையும் ஆணையையும் மறுமுறை சரிபார்க்க ஊக்கம் எங்கிருந்து வரும்? முன்னறிவிப்பின்றி நுழையும் ஆணைகளை லூயிவில் 2020 ஜூனில் தடைசெய்தது. நல்லதே; ஆனால் பொய்யான ஆணையோடு, கதவைத் தட்டிவிட்டு நுழைவதை அது தடுக்காது.

கொலராடோ மட்டும் அதே ஆண்டில் சற்றே துணிந்தது. நல்லெண்ணமின்றிச் செயல்பட்ட காவலர், தீர்ப்புத் தொகையில் 5 சதவீதம் அல்லது 25,000 டாலர், இவற்றுள் குறைவானதைத் தம் பையிலிருந்து தர வேண்டும் என்றது. நல்லெண்ணம் இருந்ததா என்று முடிவுசெய்வது, அவரைப் பணியில் அமர்த்திய நிர்வாகமே.