இறுகிய ஸ்பார்க் பிளக்கும் பொறுமையின் கணக்கும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் சாலை பிரியுமிடத்தில் உள்ளது சந்தாபுரா. இதே ஓசூர் சாலையில், நகரை ஒட்டிய ஆடுகோடியில், 1951-இல் நிறுவப்பெற்ற மைக்கோ நிறுவனம் ஸ்பார்க் பிளக்குகளைச் செய்து வந்தது. 2008-இல் அது பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பிளக்கைச் செய்யும் தொழிலை இந்நாடு கற்று நெடுங்காலமாயிற்று. இறுகிய பிளக்கை எஞ்சினுக்குக் கேடின்றிக் கழற்றும் முறையைப் பயிற்சி நிலையங்களில் போதிய அழுத்தத்துடன் கற்பிக்கின்றோமா என்பதே எமது வினா.

இது சிறு வேலைதானே என்று சிலர் கருதக்கூடும். பிளக்கின் விலை சிறிதே. ஆனால் அது பொருந்தியிருக்கும் மரை கிழிந்துவிட்டால், சிலிண்டர் ஹெட்டையே இறக்க நேரிடலாம். கள அலுவலரின் வண்டி நின்றால் அவருடைய பணியும் நின்றுபோகும். பயிலும் இளைஞனுக்கோ, செய்யாத வேலைக்குக் கூலி கிடைப்பதில்லை. கெடுத்த வேலைக்குப் பழி மட்டும் கிடைக்கும்.

இவ்விடரின் வேர் உலோக மாற்றத்தில் உள்ளது. அம்பாசிடர் காரின் பழைய எஞ்சினில் ஹெட் வார்ப்பிரும்பினால் ஆனது. அது முரட்டுக் கையையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. 1983-இல் வெளிவந்த மாருதி 800 காரின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை அவ்வாறே. எஃகு மரை மெல்லிய அலுமினிய மரைக்குள் பல்லாண்டு கிடக்குங்கால், கரியும் அரிப்பும் இடையே படிந்து இரண்டையும் பிணைத்துவிடுகின்றன. நீண்ட ஆயுள் கொண்ட இரிடியம் பிளக்குகள் நெடுந்தொலைவு கழற்றப்படாமலே இருப்பதும் இப்பிணைப்புக்கு இடம் தருகின்றது. ஹெட் மாறிவிட்டது, அதைக் கையாளும் கை மாறவில்லை.

சூடான எஞ்சினில் பிளக் எளிதில் வரும் என்பது பட்டறைகளில் வழங்கும் கருத்து. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடைவதால், இதற்கு ஆதாரம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரையில், 80 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வால் கிடைக்கும் கூடுதல் இடைவெளி சுமார் 0.012 மில்லிமீட்டர் மட்டுமே. இந்தச் சிறு ஆதாயத்துக்காக, சூட்டில் வலிமை குன்றும் அலுமினிய மரையை எஃகு கவ்விக் கிழிக்கும் அபாயத்தை ஏற்பது அறிவுடைமை ஆகாது. சூடான எஞ்சினில் எண்ணெய் ஊற்றுவது தீ விபத்துக்கும் வழி வகுக்கும்.

2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு நிறுவனத்தின் 5.4 லிட்டர், மூன்று வால்வு எஞ்சின்கள் இதற்குத் தக்க சான்று. அவற்றின் பிளக்குகள் கரியால் பிணைந்து, கழற்றும்போதே இரண்டாக ஒடிந்தன. 2008-இல் அந்நிறுவனம் அளித்த அறிவுரையின் சாரம் இதுவே: எஞ்சின் நன்கு குளிர வேண்டும், பிளக்கை அரைக்கால் முதல் கால் சுற்று வரை மட்டும் தளர்த்தி, கரி கரைக்கும் திரவத்தை ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் காத்திருத்தல் வேண்டும், விசைக் கருவிகளைப் பயன்படுத்தலாகாது.

எல்லா எஞ்சினுக்கும் இம்முறையே அடிப்படையாகத் தகும். முதலில் பிளக் குழியிலுள்ள மண்ணைக் காற்றால் ஊதி அகற்றுக. கண்களுக்குக் காப்பு அணிக. சிறிது தளர்த்தியபின் ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க. பின்னர் சிறிது இறுக்கியும் சிறிது தளர்த்தியும் முன்பின்னாகத் திருப்புக. இறுக்கம் குறையாமல் கூடுமாயின் உடனே நிறுத்துக. மீண்டும் எண்ணெய் விடுக. இங்ஙனம் ஓர் இரவு கடந்தாலும் அது காலவிரயம் அன்று.

ஆசிரியர்கள் இதனை நெம்புகோல் பாடமாகவும் நடத்தலாம். 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் முனையில் 10 கிலோகிராம் எடைக்கு ஒத்த விசை கொடுத்தால் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உண்டாகும். அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்கைப் பூட்டப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டரே போதும். கைப்பிடியில் குழாய் செருகி ஒரு மீட்டராக நீட்டினால் விசை நான்கு மடங்காகும். மரை தரும் எச்சரிக்கையும் கைக்கு எட்டாது போய்விடும்.

இறுகிய பிளக்குகளுள் பல, முன்னர் அளவு மீறிப் பூட்டப்பட்டவையே. ஆகவே டார்க் ரெஞ்சு என்னும் அளவுக் கருவி ஒவ்வொரு பயிற்சிப் பட்டறையிலும் இருத்தல் வேண்டும். ஒட்டாமலிருக்கப் பசை தடவுவோர் தயாரிப்பாளரின் குறிப்பைப் படித்த பின்னரே தடவ வேண்டும். மரை வழுக்குவதால் அதே அளவு முறுக்குவிசையிலும் பிளக் மிகையாக இறுகிவிடும்.

வண்டிப் பொறுப்புடைய அலுவலர்களுக்கும் ஒன்று சொல்வோம். பழுது பார்ப்போரை நேரம் காட்டி விரட்டுவது சிக்கனம் அன்று. காத்திருக்கும் மணிகளையும் வேலையின் பகுதியாகவே கருதிக் கூலி அளித்தல் முறை. எங்கு நிறுத்த வேண்டும் என்று அறிந்த கையே தேர்ந்த கை; பயிற்சித் தேர்வுகளும் அதற்கு மதிப்பெண் அளித்தல் வேண்டும்.