வாடகை வீடும் நிறத் துவேஷமும்

ஒரு தேசத்தில் பல ஜாதி ஜனங்களும் ஒற்றுமையாக வாழ்கிறார்களா என்பதை அறிய, அந்த தேசத்தின் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் போதாது. அங்கே வாடகைக்கு வீடு தேடி அலைகிறவனைக் கேட்க வேண்டும். சட்டம் சொல்லாததை அவன் சொல்லுவான். சிங்கப்பூரில் வீடு வாடகைக்கு விடும் விளம்பரங்களில், "இந்தியர் வேண்டாம், சீன தேசத்திலிருந்து வந்தவர்களும் வேண்டாம்" என்ற வாசகம் பகிரங்கமாகக் காணப்பட்டு வந்ததை 2014-ஆம் வருஷத்தில் லண்டன் பி.பி.சி. ஸ்தாபனம் உலகறியச் செய்தது. தமிழுக்கு ஆட்சி மொழி அந்தஸ்து அளித்திருக்கும் நகரத்தில், தமிழனுக்கு ஓர் அறை வாடகைக்குக் கிடைப்பது கஷ்டமாயிருந்தது என்றால், அதைப் பற்றி நாம் யோசிக்காமல் இருக்க முடியாது.

சிங்கப்பூரை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அது கொடுமையில் முதலிடம் பெற்ற நாடு என்பதல்ல. நிற பேதத்தையே சட்டமாக்கி, இன்ன தெருவில் இன்ன நிறத்தார்தான் வசிக்கலாம் என்று 1950-இல் விதித்த தென்னாப்பிரிக்காவின் கதை வேறு. சிங்கப்பூரோ, வெவ்வேறு இனத்தாரை அண்டை வீட்டாராக வாழவைக்க வேண்டும் என்று உலகத்தில் மற்ற எந்த நகரமும் செய்யாத அளவுக்கு முயற்சி செய்த நகரம். அவ்வளவு முயற்சிக்குப் பிறகும் எஞ்சி நிற்பது என்ன என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

அந்த நகரத்தை அமைத்த வெள்ளைக்காரர்கள், 1822-ஆம் வருஷத்துத் திட்டத்திலேயே சீனருக்கு ஒரு பகுதி, சோழியருக்கு ஒரு பகுதி, பூகிஸ்காரருக்கு ஒரு பகுதி, அராபியருக்கு ஒரு பகுதி என்று கோடு கிழித்து வைத்தார்கள். ஜனங்கள் பிரிந்து கிடந்தால் ஆளுவது சுலபம் என்பது அவர்கள் எங்கும் கையாண்ட பாடம். அந்தக் கோடுகள் பின்னர் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தன என்பது 1964-இல் தெரிந்தது. ஜூலை 21-ந் தேதி நபி பிறந்த நாள் ஊர்வலத்தில் தொடங்கிய சீனர்-மலாய்க்காரர் கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள். 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் கலவரம் மூண்டு 13 உயிர்களைக் குடித்தது. மறு வருஷம் தனி நாடாகிவிட்ட சிங்கப்பூரின் சர்க்கார் அந்த நாட்களை மறக்கவில்லை.

ஜனங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிற நாடு அது. 1989 மார்ச் முதல் தேதியிலிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை என்ற ஏற்பாடு அந்த வீடுகளில் அமுலுக்கு வந்தது. ஒரு பேட்டையில் சீனர் நூற்றுக்கு 84 பங்குக்கு மேலும், ஒரே கட்டடத்தில் 87 பங்குக்கு மேலும் இருக்கக் கூடாது. மலாய்க்காரருக்கு இந்த வரம்பு 22-ம் 25-ம். இந்தியரும் ஏனையோரும் சேர்ந்து, 2010-இல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி, 12-ம் 15-ம். வரம்பு நிரம்பிவிட்டால், அந்த இனத்தைச் சேர்ந்த புதிய ஆள் வேறு இனத்தாரிடமிருந்து அங்கே வீடு வாங்க முடியாது. இதனால் தனிச் சீனப் பேட்டையோ தனித் தமிழ்ப் பேட்டையோ உண்டாகாமல் போயிற்று. ஒரே மின்தூக்கியில் ஏறி, ஒரே நடைபாதையில் நடந்து, ஒரே கடையில் சாமான் வாங்கும் நிலைமை ஏற்பட்டது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் பாரம் எல்லார் தோளிலும் சமமாக விழவில்லை. ஒரு கட்டடத்தில் சீனர் பங்கு நிரம்பியிருந்தால், அங்கே வீடு வைத்திருக்கும் இந்தியன் அதைச் சீனருக்கு விற்க முடியாது. ஜனத் தொகையில் நூற்றுக்கு 9 பேராக உள்ள இந்தியரிடையேயும், 13 அல்லது 14 பேராக உள்ள மலாய்க்காரரிடையேயும் அவன் ஆளைத் தேட வேண்டும். வாங்குகிறவர் குறைவாயிருக்க, விலையும் தாழ்கிறது. 2022-ஆம் வருஷத்தில், இப்படித் திண்டாடுகிறவர்களின் வீடுகளில் சிலவற்றைக் கழகமே வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஒற்றுமைக்கு விலை உண்டு. அந்த விலையைச் சிறுபான்மையோரே அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்பதைப் பெரும்பான்மையோர் உணர்வதுதான் நியாயம்.

சரி, சுவருக்குச் சுவர் வைத்துக் குடியேற்றியாகிவிட்டது. சுவருக்கு உள்ளே நடப்பது என்ன? 2011 ஆகஸ்டில் வெளியான ஒரு சமாசாரம் அந்த நகரத்தையே கலக்கிவிட்டது. சீன தேசத்திலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்தார், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தார் வைக்கும் குழம்பின் வாசனை பொறுக்க முடியவில்லை என்று முறையிட்டார்கள். அந்த இந்தியர்கள் ஏற்கனவே கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டுதான் சமைத்தார்களாம். அப்படியும் வழக்கு சமூக சமரச நிலையத்துக்குப் போயிற்று. பக்கத்து வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பது என்றும், அதற்குப் பிரதியாகப் பக்கத்து வீட்டார் அந்தக் குழம்பை ஒரு முறை ருசி பார்ப்பது என்றும் முடிவாயிற்று. சில வருஷங்களுக்கு முன் நடந்த இந்தச் சமரசம் பத்திரிகையில் வந்ததும் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். ஆகஸ்டு 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் குழம்பு வைப்போம் என்று ஓர் அழைப்புக் கிளம்பிற்று. அதை ஆதரித்த ஆயிரக்கணக்கானோரில் சீனர்களும் ஏராளமாக இருந்தார்கள் என்பதுதான் விசேஷம். நகரத்தில் பிறந்து, குழம்பைத் தங்கள் சாப்பாடாகவே ஏற்றுக்கொண்டுவிட்ட சீனர்கள், தங்கள் இனத்தானின் பக்கம் நிற்காமல் தங்கள் அண்டை வீட்டான் பக்கம் நின்றார்கள். முப்பது, நாற்பது வருஷம் ஒரே நடைபாதையில் நடந்ததன் பலன் அது.

இவ்விதமான இரண்டு முகங்களும் அந்த நாட்டில் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. தொற்று நோய்க் காலமாகிய 2021 மே மாதத்தில், முகக் கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு வேகமாக நடந்துகொண்டிருந்த ஓர் இந்திய மாதை ஒருவன் இனத்தைச் சொல்லி வைது, மார்பில் உதைத்துத் தள்ளினான். 2023 ஜூலையில் நீதிமன்றம் அவனுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அதற்கு அடுத்தடுத்த மாதமான செப்டம்பரில், சீனர் நூற்றுக்கு 74 பேராக உள்ள அதே நாட்டு ஜனங்கள், யாழ்ப்பாணத் தமிழர் வம்சத்தவரான ஸ்ரீ தர்மன் சண்முகரத்தினத்தை நூற்றுக்கு 70-க்கு மேற்பட்ட வாக்குகள் அளித்து ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனாதிபதி மாளிகையில் தமிழனை அமர்த்த இசைந்தவர்களில் சிலர், தங்கள் வீட்டுப் பின்னறையில் தமிழனை அமர்த்த இசைவதில்லை. இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. நாட்டின் தலைவனை மனிதன் அவனுடைய குணத்தாலும் யோக்யதையாலும் மதிப்பிடுகிறான். வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாதவனையோ அவன் இனத்தின் பெயரால் மதிப்பிடுகிறான். முகம் தெரியாத இடத்தில்தான் துவேஷம் குடியிருக்கிறது.

வீட்டுக்காரர்கள் சொல்லும் சமாதானங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. இந்த இனத்தார் சமைத்தால் நெடி சுவரில் ஏறிவிடும். அந்த இனத்தார் சுத்தமாய் இருக்கமாட்டார்கள். இன்னொருவர் ஒரு அறையை எடுத்துக்கொண்டு பத்துப் பேரைக் குடிவைப்பார்கள். ஒரு குடித்தனக்காரன் வீட்டைக் கெடுத்தான் என்றால் அவன் மேல் வழக்குப் போடலாம், முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். அவன் பிறந்த இனத்தார் அத்தனை பேர் மீதும் அந்தக் குற்றத்தை ஏற்றிவைப்பதற்கு என்ன நியாயம்? தன் இனத்தான் வாடகை பாக்கி வைத்தால், "அந்த மனுஷன் மோசம்" என்கிறார்கள். பிற இனத்தான் பாக்கி வைத்தால், "அந்த ஜாதியே மோசம்" என்கிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதைதான்.

"என் வீடு, என் இஷ்டம்" என்பது கடைசி வாதம். தான் உண்டு உறங்கும் வீட்டுக்குள் யாரை அழைப்பது என்பது ஒருவனுடைய இஷ்டமே. ஆனால் விளம்பரம் கொடுத்து, தரகர் வைத்து, பணத்துக்கு வீடு விடுகிறவன் சந்தைக்கு வந்துவிட்டான். சந்தைக்கு வந்தவன் சந்தையின் தர்மத்துக்குக் கட்டுப்பட்டவன். இந்த உண்மையை உணர்ந்துதான், 1965-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வீடுகளைச் சேர்க்காமல் விட்ட பிரிட்டிஷ் பார்லிமெண்டு, 1968-இல் வேறு சட்டம் செய்து வீடு விடுவதில் நிற பேதம் காட்டுவதைத் தடுத்தது. அதே வருஷம் ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள் அமெரிக்காவும் அவ்விதச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சட்டங்களால் அந்த நாடுகளில் துவேஷம் ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் துவேஷம் விளம்பரப் பலகை ஏறி நிற்க முடியாமல் போயிற்று. வெட்கப்பட வேண்டிய காரியத்தை வெட்கத்தோடு செய்யும்படி செய்வதே சட்டத்தின் முதல் வெற்றி. 2025-ஆம் வருஷத்தில் சிங்கப்பூர் பார்லிமெண்டு இன ஒற்றுமையைக் காக்க ஒரு சட்டமும், வேலை கொடுப்பதில் பாரபட்சத்தைத் தடுக்க ஒரு சட்டமும் நிறைவேற்றியது. வேலைக்குக் காட்டிய அக்கறையை வாடகை வீட்டுக்கும் காட்டுவார்களாக.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அந்த அடுக்குமாடிகளைக் கட்டுவதற்காகக் கடல் கடந்து போகும் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் வங்காளத் தொழிலாளரும் அந்த அடுக்குமாடி ஒற்றுமைக்கு வெளியே, தனி விடுதிகளில் வைக்கப்பட்டார்கள். 2008-இல் செராங்கூன் தோட்டப் பேட்டையில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தைத் தொழிலாளர் விடுதியாக்க சர்க்கார் முனைந்தபோது, அங்கே வசிப்போர் பெருந்திரளாகக் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். விடுதி வந்தது, ஆனால் தொழிலாளர் பேட்டைக்குள் நடக்காதபடி தனிப் பாதையோடு வந்தது. தனிப் பாதை! தமிழ் நாட்டில் பிறந்தவனுக்கு இந்த வார்த்தையின் அர்த்தத்தை விளக்க வேண்டுமா? தனித் தெரு, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு என்று நாம் வைத்திருந்ததும், இன்னும் பல கிராமங்களில் வைத்திருப்பதும் என்ன?

இங்கேதான் நமது நேயர்கள், விசேஷமாகத் தேசத் தொண்டில் ஈடுபட்டவர்கள், சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். 1893-ஆம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்பு வண்டியிலிருந்து காந்தியடிகளைத் தள்ளினான் வெள்ளைக்காரன். அந்த அவமானத்திலிருந்து ஒரு மகா இயக்கம் பிறந்தது. 1917-இல், அமெரிக்காவிலும் லண்டனிலும் கல்வி கற்றுத் திரும்பிய டாக்டர் அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்கச் சென்று, தங்க ஒரு வீடு கிடைக்காமல் தவித்தார். ஜாதியை மறைத்துத் தங்கியிருந்த பார்ஸி விடுதியிலிருந்தும் தடியோடு வந்தவர்கள் அவரை விரட்டினார்கள். விரட்டியவர்களும் கதவைச் சாத்தியவர்களும் வெள்ளைக்காரர்கள் அல்ல. முதல் அவமானத்தை நாம் சரித்திரமாகப் போற்றுகிறோம். இரண்டாவதை அடிக்குறிப்பாகக்கூட நினைப்பதில்லை.

இன்றைக்குச் சென்னையில் வீடு தேடும் முஸ்லிம் வாலிபனைக் கேளுங்கள். ஆதித் திராவிடக் குடும்பத்தைக் கேளுங்கள். மணிப்பூரிலிருந்து வந்து ஓட்டலில் வேலை செய்யும் பெண்ணைக் கேளுங்கள். சிங்கப்பூர் விளம்பரத்தில் பச்சையாக எழுதியதை இங்கே "சைவம் மட்டும்" என்ற இரண்டு வார்த்தைகளில் நாசூக்காக எழுதுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். தீண்டாமையின் பேரால் ஒருவனுக்குக் குடியிருப்பை மறுப்பதை 1955-ஆம் வருஷத்துச் சட்டம் தண்டிக்கிறது. ஆனால் "சைவம்" என்ற திரைக்குப் பின்னால் அந்தச் சட்டத்தின் கை எட்டுவதில்லை. மதத்தையும் பிராந்தியத்தையும் சொல்லி வீடு மறுப்பதைத் தடுக்க, 1968-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டம் போன்ற பொதுச் சட்டம் நம் தேசத்தில் இல்லை. 2005-இல், அகமதாபாத்தில் ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் தன் இனத்தார் மட்டுமே அங்கத்தினராகலாம் என்று விதி வைத்துக்கொண்டது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்திருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ் நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவியபோது நாம் கோபித்துக்கொண்டோம். கோபம் நியாயமே. ஆனால் அந்தப் பொய்யை அவர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள்? டீக்கடையிலும் பஸ்ஸிலும் "வடக்கன்" என்று நாம் வீசும் சொல்லை அவர்கள் தினமும் கேட்டிருந்தார்கள் அல்லவா?

ஆகையால் நாம் சொல்வது இது. வாடகைக்கு விடப்படும் வீட்டை ஜாதி, மதம், இனம், பிராந்தியம் காரணமாக மறுப்பதைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழ் நாட்டுச் சட்டசபை முன்னின்று நிறைவேற்ற வேண்டும். சொந்த வீட்டில் ஓர் அறையை மட்டும் விடும் ஏழை விதவையை அது வருத்த வேண்டாம். தரகரையும், விளம்பரத்தையும், அடுக்குமாடிச் சங்கங்களின் விதிகளையும் அது கட்டுப்படுத்தட்டும். அந்தச் சட்டம் வரும்வரை அரசியல் கட்சிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. மேடையில் சமத்துவம் பேசும் தலைவர்களில் எத்தனை பேருக்கு வாடகை வீடுகள் இருக்கின்றன, அவற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று தொண்டர்கள் கேட்கட்டும்.

கடல் கடந்த தமிழனுக்கு நீதி கேட்க நமக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டே தீருவோம். ஆனால் அந்த உரிமைக்கு வலிமை வர வேண்டுமானால், நமது தெருவில் மாட்டியிருக்கும் "வீடு வாடகைக்கு விடப்படும்" என்ற பலகை சத்தியம் பேச வேண்டும். அதைப் பார்த்துக் கதவைத் தட்டுகிறவனிடம், மாத வாடகை எவ்வளவு, எத்தனை பேர் குடியிருக்கப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு மேல் மூன்றாவது கேள்வி எழக் கூடாது.