பெயரை மாற்றி ஒட்டினால் ஆள் மாறிவிடுமா?

உபுண்டு 22.04-இல் பழைய நிரலை ஓட்டினால் ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை’ என்று நிற்கும். உடனே ஒரு நண்பர் வருவார்: “ஒண்ணுமில்ல மச்சி, 3-க்கு ஒரு சிம்லிங்க் போட்டு 1.1-னு பேர் வெச்சுடு.”

இந்த யோசனை தொலைய வேண்டும். வாலில் இருக்கும் எண் அலங்காரமில்லை. ‘என்னை நம்பி கம்பைல் செய்த நிரல் உடையாது’ என்ற வாக்கு. அந்த வாக்கு முடிந்தது என்று சொல்லத்தான் ஓபன்எஸ்எஸ்எல் எண்ணையே மாற்றியது. இங்கே லோடர் உள்ளிருக்கும் பதிப்புக் குறியைப் பார்த்து மறுத்துவிடும், தப்பித்தீர்கள். அந்தக் குறி இல்லாத நூலகங்களும் உண்டு. அப்படியொன்றுக்கு நானே சிம்லிங்க் போட்டேன். மூன்று வாரம் ஓடியது. பிறகு கோப்பைச் சேமிக்கும்போது செத்தது. ஒரு நாள் வேலை போச்சு.

எல்டிடி ஓட்டி எது இல்லை என்று பாருங்கள். அதே பதிப்பு உள்ள பேக்கேஜை நிறுவுங்கள். கிடைக்காவிட்டால் புதிய நூலகத்தோடு மறுபடி கம்பைல் செய்யுங்கள், அல்லது நிரலைத் தந்தவரிடம் சண்டை போடுங்கள். பழைய 1.1-ஐ எங்கிருந்தோ இறக்காதீர்கள், 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்தது. ரிப்பேர் பார்க்க ஆளில்லாத பூட்டை வாசலில் மாட்டுவீங்களா?