குழி சிறிது, கூரை பெரிது!

முற்றத்து மூலையில் ஒரு குழி, அதற்கொரு மூடி; மழைநீர் சேமித்தாயிற்றாம்! 2003-இல் தமிழகத்தில் கட்டிடந்தோறும் இது கட்டாயமாயிற்று. நல்ல சட்டம்தான். ஆனால் குழியின் அளவை எவரேனும் கணக்கிட்டனரா? கேட்கிறோம்.

கூரையும் தளமுமாக 1,000 சதுர மீட்டர். பெய்வது 50 மில்லிமீட்டர் மழை. சென்னையில் ஐப்பசிக்கு இது அதிசயமல்ல. திரளும் நீர் 50,000 லிட்டர்! மீட்டர் நீள அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள குழி கொள்வதோ 2,000 லிட்டர். மிச்சம் எங்கே போகும்? தெருவுக்கு, அங்கிருந்து பள்ளத்தில் வாழும் பாட்டாளியின் குடிசைக்கு!

பரப்பில் இருபதில் ஒரு பங்கை மீட்டர் ஆழம் தோண்டினால் அத்தனையும் அடங்கும். மணற்பாங்கானால் விரைவில் வடியும். களிமண்ணோ, தோழர்களே, மணிக்கு 5 மில்லிமீட்டர் உறிஞ்சினாலே பெரிது! வடிய எட்டு நாளாகும். அதற்குள் கொசு குடித்தனம் நடத்தும். அங்கே கால் மீட்டர் ஆழம் போதும். ஐந்தில் ஒரு பங்கு இடம் வேண்டும். இரண்டே நாளில் வடியும்.

இடமேது என்பர், மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் கண்ட ஊரில்! பூங்காவும் விளையாட்டுத் திடலும் இல்லையா? அவற்றைத் தாழ்த்தித் தெருநீரைத் திருப்பட்டும் மாநகராட்சி. வரைபடத்துக்கு ஒப்புதல் தருமுன் பரப்பென்ன, மண்ணென்ன, குழியின் கொள்ளளவென்ன என்று கேட்கட்டும்.