ரத்தப் புற்றுநோயை அடக்கும் மாத்திரை... எளியவர்களுக்கும் எட்டியது எப்படி?

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனைதான் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்க அவரைத் தூண்டியது. 1954-ல், 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. அன்று டாக்டர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது அறுவை சிகிச்சையையும் கதிர்வீச்சையும்தான்.

இன்று சி.எம்.எல் என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களில் பலர் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போய்வருகிறார்கள். அந்த மாத்திரை, இமாட்டினிப்.

நம் உடம்பில் உள்ள செல்களுக்கு 'பெருகு', 'போதும், நிறுத்து' என்று சிக்னல்கள் போய்க்கொண்டே இருக்கும். சி.எம்.எல் நோயில், எலும்பு மஜ்ஜை செல் ஒன்றில் 9-வது குரோமோசோமின் துண்டும் 22-வது குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்ற புதுப் புரதம் உருவாகிறது. ஆன் செய்த நிலையிலேயே சிக்கிக்கொண்ட மோட்டார் ஸ்விட்ச் மாதிரி இது. தொட்டி நிறைந்து வழிந்தாலும் மோட்டார் நிற்காது; வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகும்.

கீமோதெரபி என்பது தெருவுக்கே கரன்ட்டை நிறுத்துவது போல. இமாட்டினிப் அந்த ஒரு ஸ்விட்சைக் குறிவைத்து அடைக்கிறது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெரிய ஆய்வு ஒன்றில், இந்த மாத்திரையோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் சுமார் 83 சதவிகிதம் பேர் 10 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால், எல்லா சிக்னலும் புற்றுநோய்க்கு மட்டுமே சொந்தமல்ல. நுரையீரல் புற்றுநோய்க்குத் தரும் ஜெஃபிட்டினிப், இ.ஜி.எஃப்.ஆர் என்ற சிக்னலை மறிக்கிறது. காயம் ஆறவும் தோல் புதுப்பித்துக்கொள்ளவும் உடம்புக்கு அதே சிக்னல் தேவை. அதனால்தான் பலருக்கு முகத்தில் பரு போன்ற கொப்புளங்கள் வருகின்றன. இமாட்டினிப் சாப்பிடுபவர்களுக்குக் கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு வரலாம்.

அடுத்த சிக்கல், விலை. காப்புரிமை வழக்கு நடந்த காலத்தில், நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் 'கிளிவெக்' மாத்திரைக்கு மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து அப்போது சுமார் 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அதுவும் பெரிய தொகையாகத்தான் இருந்தது.

கிளிவெக்குக்குக் காப்புரிமை தர, 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புது வடிவம் என்றால், கூடுதல் பலன் தருவதை நிரூபிக்க வேண்டும் என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் போட்ட வழக்கை, 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடித்துவைத்தது. ஏராளமான நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகத் தருவதாக நிறுவனம் சொன்னது. அது உண்மைதான். ஆனால், கொடையாகக் கிடைப்பதும் மருந்துக்கடையில் வாங்க முடிவதும் ஒன்றல்லவே!

மாத்திரை கைக்கு வந்தபிறகு, 'உடம்பு தேறிடுச்சே' என்று தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதுதான் ஆபத்து. அடங்கியிருந்த செல்கள் மறுபடி பெருகலாம். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்து சரியாகக் கேட்காமலும் போகலாம். சில ஆண்டுகள் தொடர்ந்து பி.சி.ஆர்-ஏ.பி.எல் அளவு மிக மிகக் குறைவாகவே இருந்தால், சிலருக்கு டாக்டரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அப்போதும் ரத்தப் பரிசோதனை தொடரும். குமட்டல் தாங்க முடியாமல் மாத்திரையை விட்டவர்கள் டாக்டரிடம் சொல்லலாம். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து மாத்திரை போட்டாலே பலருக்குக் குமட்டல் குறைந்துவிடும்.