துளை சின்னது, தையல் உள்ளே

"லேப்ராஸ்கோப்பிதானே, மூணு நாலு துளைதான், பத்தாம் நாள் எழுந்து வேலையைப் பார்க்கலாம்" என்று வாதாடுகிறவர்கள் மேல்தோலைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். கருப்பையை முழுதாக எடுத்தபின் பிறப்புறுப்பின் மேல்முனையில் போடும் தையல் கண்ணில் படாது. அது ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் நிறைகுடத்தைத் தூக்கினால் தையல் விட்டுப்போகக்கூடும். தாம்பத்திய உறவும் அதுவரை ஆகாது.

அதற்காகப் படுத்தே கிடக்கச் சொல்லவில்லை. (அது பாட்டிமார் கட்சி; அதிலும் எனக்கு உடன்பாடில்லை.) மறுநாளே மெல்ல நடந்தால்தான் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள், வலி தணியும். மலம் கழிக்க முக்காதீர்கள். தண்ணீர், கீரை, பழம் போதாவிட்டால் மருந்து கேளுங்கள்.

இதெல்லாம் அறுவைக்குப் பின். அறுவைக்கு முன், உதிரப்போக்கால் சோகை பிடித்திருந்தால் முதலில் இரும்புச்சத்தை ஏற்ற வேண்டும். சினைப்பைகளையும் எடுப்பார்களா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். இரண்டையும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும் கால உபாதைகள் உடனே தொடங்கிவிடும்.

வீடு திரும்பியபின் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, மிகுந்த உதிரப்போக்கு, கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.