துப்பறிவோரும் லைசென்சும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அன்பர் ஒருவர் சென்ற மாதம் நம் இல்லம் தேடி வந்தார். மகளுக்குக் கோயம்புத்தூரில் வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளையின் வேலையையும் நடத்தையையும் விசாரித்துச் சொல்வதாகத் துப்பறியும் நிறுவனத்தார் ஒருவர் பதினைந்தாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டாராம். "அரசாங்க லைசென்சு உள்ளவர்கள், நகலும் தந்திருக்கிறார்கள்" என்றார் அன்பர். மூணாறு, தேவிகுளம் தோட்டங்களில் வாழ்வோர்க்கும் இத்தகைய தேவை நேர்வதுண்டு. விசாரித்துச் சொல்ல உற்றார் அருகில் இல்லையன்றோ?

நகலை வாங்கிப் படித்தோம். அது 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின்படி, காவலாளிகளை அமர்த்தித் தொழில் நடத்த அளிக்கப்பட்டதாகும். ஆளையும் உடைமையையும் காப்பதற்கு உரியதேயன்றித் துப்பறிவதற்கு அன்று. துப்பறிவோர்க்கென 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. ஆயினும் அது சட்டமாகவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவர்கட்கு லைசென்சு உண்டு. நம் நாட்டில் அவ்வாறு ஒன்றில்லை. பிளாட்பாரச் சீட்டைக் காட்டி வண்டியில் பயணம் செய்ய இயலுமா? அதனைப் போன்றதே இந்நகலும்.

ஆகவே, லைசென்சு என்ற சொல்லில் மயங்காது ஆளையே சோதித்தல் வேண்டும். அலுவலகத்தை நேரில் சென்று காண்க. கம்பெனியாயின் அதன் பதிவை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். முன்னர் அவரிடம் வேலை கொடுத்தவர் இருவரையேனும் விசாரிக்க. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்பதை எழுத்தில் வாங்கி, கொடுக்கும் பணத்திற்கு ரசீதும் பெறுக.

"தொலைபேசி அழைப்புப் பட்டியலை எடுத்துத் தருகிறோம்" என்பாரை அக்கணமே விட்டு விலகுக. அத்தகைய பட்டியல்களைச் சட்டவிரோதமாகப் பெற்று விற்றதாகத் தானே நகரக் காவல்துறையினர் 2018-இல் தனியார் துப்பறிவோர் சிலரைக் கைது செய்தனர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இலேயே தீர்ப்பளித்துள்ளது. மகளின் நலம் நாடப்போய் வழக்கில் சிக்குவது தகுமா?

அன்பர் பணம் கொடுக்கவில்லை. மறுவாரம் மைத்துனரை அழைத்துக்கொண்டு வேலந்தாவளம் வழியே பஸ்ஸில் கோயம்புத்தூர் சென்றார். மாப்பிள்ளை வேலை செய்யும் பட்டறையிலும், குடியிருக்கும் தெருவிலும் விசாரித்தார். சொன்னவை யாவும் மெய்யென்றே தெரியவந்தது. செலவானது பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியுமே. தை மாதத்தில் திருமணம். நமக்கும் அழைப்பு வந்திருக்கிறது.